எங்கள் அம்மாக்களைப் பற்றிப் பேசியவர்கள்

உடுமலைப்பேட்டையில் இருந்து மறையூர் வழியாக மூணாறு போகும் பஸ்ஸில் என் இருக்கைக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். 2015 செப்டம்பர் மாதம். தோட்டத்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு மூணாறு டவுனில் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்திருந்த நேரம். ஒருவர் மலையாளத்தில் சொன்னார்: இவளுகளுக்குப் பின்னால் யாரோ காசு கொடுக்கிறான், இல்லாவிட்டால் இத்தனை தைரியம் எங்கிருந்து வரும். மற்றவர் தமிழில் ஒத்து ஊதினார்: "சாயங்காலம் ஆனா சாராயம். நடுரோட்டுல உக்காந்து கூத்தடிக்கிறாளுக. வீட்டு ஆம்பளைக்குச் சொரணை இருந்தா விடுவானா?" இருவரும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மொழி வேறு, ஊர் வேறு. தோட்டக்காரிகளைப் பற்றிய தீர்ப்பு மட்டும் இருவரிடமும் தயாராக இருந்தது.

நான் திரும்பி, "அந்தக் கூட்டத்துல எங்கம்மா இருக்காங்க" என்றேன். மூணாறு வரும்வரை இருவரும் வாய் திறக்கவில்லை.

அம்மா கொழுந்து எடுப்பவர். பாட்டியும் அதே வேலைதான். பாட்டியின் அம்மாவைக் கங்காணி திருநெல்வேலிச் சீமையில் இருந்து கூட்டிவந்ததாகச் சொல்வார்கள். 1877-இல் ஜே.டி. மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு அரசரிடம் இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்த பிறகு, காட்டை வெட்டிச் சரித்துத் தேயிலை நட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுத் தாழ்த்தப்பட்ட சாதிக் குடும்பங்கள். 1956-இல் மாநிலம் பிரித்தபோது தமிழர்கள் பெரும்பான்மையாக இருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன.  நான் படித்து, பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் பக்கத்தில், தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை ஆனேன். அந்தச் செப்டம்பரில் லீவு போட்டுவிட்டு மலையேறினேன்.

டவுனில் நான் கண்டதை எந்தப் பத்திரிகையும் முழுதாக எழுதவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எல்லாரும் கோஷத்தை எழுதினார்கள், கூட்டத்தின் அளவை எழுதினார்கள். ஆறாயிரம் பேர் என்றார்கள். நான் பார்த்தது கணக்கு. என் சித்தி தார்ச்சாலையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பழைய சம்பளச் சீட்டு ஒன்றின் பின்பக்கம் பக்கத்துப் பெண்ணுக்குக் கணக்கு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் கட்டும் படங்கைக் கழற்றி அடியில் போட்டிருந்தாள். நாள் கூலி அப்போது 232 ரூபாய். அதற்கு 21 கிலோ கொழுந்து போட்டாக வேண்டும். மேலே எடுக்கிற கிலோவுக்குத்தான் தனிக் காசு. முந்தைய வருடம் 19 சதவீதம் தந்த போனஸை அந்த வருடம் பத்தாகக் குறைத்திருந்தார்கள். "எட்டே முப்பத்திமூணு சட்டம் குடுக்கச் சொல்றது. அதுக்கு மேல குடுக்குறதுக்கு அவங்க என்ன பேரு வேணா வச்சுக்கட்டும். ரெண்டையும் கூட்டுனா இருபது வரணும், அவ்வளவுதான்" என்றாள். செப்டம்பர் 13 இரவு முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் முடிந்த உடன்பாடு அப்படியே வந்தது: 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் ஊக்கத்தொகை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் சித்தி.

அதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் வாழ்க்கையை எழுதிய நூல்கள் இல்லாமல் இல்லை. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். அதைத் தழுவி 2013-இல் பாலாவின் 'பரதேசி' வந்தது. அந்த நாவல் இல்லாவிட்டால் என் கொள்ளுப்பாட்டியின் காலத்தை நான் அறிந்திருக்க மாட்டேன், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் பரிவோடு எழுதுகிறவர்களும் எங்கள் பெண்களை அழுகிறவர்களாக, நாசமாக்கப்பட்டவர்களாகத்தான் பார்த்தார்கள். பரிவில்லாதவர்கள் பாட்டுக் காட்சியின் பின்னணியில் கூடையோடு நிற்கவைத்தார்கள். சதவீதத்தைக் கூட்டிப் பேரம் பேசும் தோட்டக்காரி எந்தக் கதையிலும் இல்லை. ஆகவே அவள் நிஜத்தில் சாலைக்கு வந்தபோது, பார்த்தவர்களுக்கு அவளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குடிகாரி, கூலிக்கு வந்தவள், நடத்தை சரியில்லாதவள் என்று கைக்கு எட்டிய இடத்தில் வைத்தார்கள்.

பெண்கள் செய்தது அதுவரை மலையில் யாரும் செய்யாத காரியம். ஏஐடியுசி, ஐஎன்டியுசி, சிஐடியு என்று மூன்று சங்கத்தின் தலைவர்களையும் பக்கத்தில் சேர்க்கவில்லை. வருடக்கணக்காகச் சந்தா வாங்கியவர்கள் கம்பெனியோடு சேர்ந்து போனஸைக் குறைக்கச் சம்மதித்துவிட்டார்கள் என்பது அவர்களுடைய கோபம். ஆண்களையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். லயம் என்று நாங்கள் சொல்லும் தோட்டத்து வரிசை வீடுகளின் ஆண்கள் ரோட்டோரக் கடைகளின் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், சிலர் வீட்டில் குழந்தைகளுக்குச் சோறு பொங்கினார்கள். கோமதி, லிசி சன்னி, இந்திராணி என்று அதுவரை எந்த மேடையிலும் ஏறாத பெண்கள் அமைச்சர்களோடு பேசினார்கள். 'பெம்பிளை ஒருமை', அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயர் வந்தது. தொகுதி எம்எல்ஏவைத் திருப்பி அனுப்பிய அந்தக் கூட்டம், 92 வயதை நெருங்கிக்கொண்டிருந்த அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் வந்து கூட உட்கார்ந்தபோது ஏற்றுக்கொண்டது. யாரை நம்புவது என்ற தீர்மானத்தை அவர்களே எடுத்தார்கள்.

அதைத்தான் பலரால் தாங்க முடியவில்லை. தமிழ்த் தீவிரவாதிகள் பின்னால் இருக்கிறார்கள் என்ற பேச்சைக் கிளப்பினார்கள். தோட்டக்காரிக்குச் சொந்தமாக மூளை இருக்கலாம் என்று நினைத்துப் பார்ப்பதைவிட, கண்ணுக்குத் தெரியாத தீவிரவாதியை நம்புவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. அந்த மாதக் கடைசியில் கூலி உயர்வுக்காக மறுபடி ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. அக்டோபர் நடுவில் நாள் கூலி 301 ரூபாய் என்று முடிவானது. கேட்டது 500. வருட முடிவில் உள்ளாட்சித் தேர்தலில் நின்று கோமதி தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்குத் தேர்வானார். பிறகு ஒற்றுமை குலைந்தது, தலைவிகள் பிரிந்தார்கள், பலர் பழைய சங்கங்களுக்கே திரும்பினார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

2017 ஏப்ரலில் மூணாறு மறுபடி செய்தியானது. ஆக்கிரமிப்பு அகற்றும் நடவடிக்கை, பாப்பாத்திச்சோலையில் சிலுவை அகற்றம் என்று சூடு ஏறியிருந்த சமயம். ஏப்ரல் 22 அன்று அடிமாலிக்குப் பக்கத்தில் இருபதேக்கர் என்ற ஊரில் அன்றைய மின்துறை அமைச்சர் எம்.எம். மணி பேசினார். பெம்பிளை ஒருமை போராட்டம் நடந்தபோது அங்கே குடியும் மற்ற எல்லாமும் நடந்தது, பக்கத்துக் காட்டில் நடந்ததும் தெரியும் என்ற பொருளில் அவர் பேசியது மறுநாள் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓடியது. எனக்கு உடனே பஸ்ஸில் கேட்ட பேச்சுதான் ஞாபகம் வந்தது. ஒன்றரை வருடத்தில் அந்தப் பேச்சு பஸ் இருக்கையில் இருந்து அமைச்சரின் ஒலிபெருக்கிக்கு ஏறியிருந்தது.

கோமதியும் கௌசல்யாவும் மூணாறில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அமைச்சர் நேரில் வந்து தங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். கேரளத்தில் பல பெண்கள் அமைப்புகள் துணை நின்றன, எதிர்க்கட்சிகள் சட்டமன்றத்தைக் கலக்கின. மணி வருத்தம் தெரிவித்தார். அவருடைய கட்சியும் அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தது. அதெல்லாம் நடந்தது உண்மை. ஆனால் சட்டமன்றத்தில் முதலமைச்சர் பினராயி விஜயன் சொன்ன சமாதானம் என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. அது அவருடைய நாட்டுப்புறப் பேச்சு முறை, மலைப்பகுதிச் சாதாரண மனிதரின் பாணி என்ற ரீதியில் அவர் பேசினார்.

இந்தச் சமாதானத்தை நான் ஏற்கவில்லை. நானும் அதே மலையில் பிறந்தவள். இடுக்கியின் பேச்சு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் லயத்துக் குழாயடியில் காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும்போது காதில் விழும் வசைகளை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. என் பாட்டி எஸ்டேட் துரையை, கணக்குப்பிள்ளையை, எடை போடும்போது கூடைக்கு இரண்டு கிலோ கழிக்கிறவனைத் திட்டுவாள். அவன் பரம்பரையையே இழுப்பாள். அவள் வாய் ஊருக்கே பிரசித்தம். ஆனால் அது மேல்நோக்கிப் போகும் வசை. அவளுக்குக் காணி இல்லை, கையில் வேறு ஆயுதமும் இல்லை. அதிகாரத்தில் இருக்கிறவர் மைக் பிடித்து, கொழுந்து கிள்ளுகிறவளின் நடத்தையைச் சந்திக்கு இழுப்பது வேறு காரியம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, கிராமத்தான் பேச்சு இப்படித்தான் என்று சொன்னால், கிராமத்துக்கும் அவமானம், பெண்ணுக்கும் அவமானம்.

இலக்கியத்தில் இந்தச் சமாதானத்துக்கு வேறு பெயர்கள் வைத்திருக்கிறார்கள். யதார்த்தம் என்பார்கள், மண்வாசனை என்பார்கள், துணிச்சல் என்பார்கள். கொச்சையாகப் பேசும் பாத்திரத்தை எழுதுவது தப்பே இல்லை, எழுதத்தான் வேண்டும். ஆனால் பாத்திரத்தின் இழிசொல்லை எழுதுகிறவர் தன் தீர்ப்பாகவே தருகிறபோது வாசிக்கிறவருக்கு அது தெரிந்துவிடும். எங்களுக்கு இன்னும் சீக்கிரம் தெரியும், பேசப்படுவது நாங்கள்.

இதைத் தமிழன்–மலையாளி சண்டையாக மட்டும் பார்க்க நினைத்தவர்கள் அப்போதும் இருந்தார்கள். என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. 2011 டிசம்பரை நான் பார்த்திருந்தேன்.

அந்த வருடம் இடுக்கியில் நில அதிர்வுகள் வந்தன. முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிடும் என்ற பயம் பீர்மேட்டிலும் வண்டிப்பெரியாறிலும் வீடு வீடாகப் பரவியது. 1895-இல் கட்டிமுடித்த அணைக்குக் கீழே வாழ்கிறவனுடைய பயத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். தேனி மாவட்டத்து விவசாயிக்கு அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் இரண்டு போகம் இல்லை, அவன் பயமும் பொய் இல்லை. இரண்டு பயமும் மோதியபோது அடி வாங்கியது ஏலக்காட்டில் காய் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். என் பெரியம்மா உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் குடியிருந்தார். ஓர் இரவு லயத்தின் முன்னால் ஆட்கள் வந்து, விடிவதற்குள் இடத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். பெண்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளைப் பெரியம்மா என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாக்குலூத்து மெட்டு வழியாகக் காட்டுப் பாதையில் இறங்கித் தேவாரம் வந்து சேர்ந்தார்கள். அந்த மாதம் அப்படி இறங்கி வந்த குடும்பங்கள் ஏராளம்.

நான் பெரியம்மாவைப் பார்க்கத் தேவாரம் போனேன். உறவினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்காலில் முள் கிழித்த இடங்களில் மஞ்சள் பற்று போட்டிருந்தார்கள். அதே திண்ணையில் வைத்து, ஆறுதல் சொல்ல வந்த ஆண்கள் மலையாளத்துப் பெண்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். தமிழ் சினிமா எத்தனையோ வருடங்களாகச் சொல்லிக்கொடுத்த பேச்சு அது. டீக்கடை நடத்தும் மலையாளத்துப் பெண் என்றால் எதற்கும் இணங்குகிறவள், முண்டும் ரவிக்கையும் என்றாலே அழைப்பு. நகைச்சுவைக் காட்சியாகவும் வார இதழ்த் துணுக்காகவும் நாங்கள் சிரித்துக் கடந்த அத்தனையும் அன்று பழிவாங்கும் ஆசையாகத் திரும்பி வந்தது. பெரியம்மாவை விரட்டியவர்கள் அவரைப் பற்றிச் சொன்னதும், பெரியம்மாவுக்காகக் கொதித்தவர்கள் அந்தப் பக்கத்துப் பெண்களைப் பற்றிச் சொன்னதும் ஒரே பேச்சு. கம்பம் பக்கம் மலையாளிகளின் கடைகளையும் தோட்டங்களையும் உடைத்தார்கள். திரும்பும் வழியில் ஒரு பேக்கரியைப் பார்த்தேன். கண்ணாடி அலமாரி நொறுங்கி, கிரீம் பன் தட்டுகள்மீது சில்லு சிதறிக் கிடந்தது. அந்தக் கடைக்காரர் அதே தெருவில் பெண் கொடுத்து, பெண் எடுத்து, ரேஷன் கார்டு வாங்கி வாழ்ந்தவர் என்றார்கள்.

இந்தப் பக்கம் மலையாள சினிமாவிலும் எங்களுக்கு ஓர் இடம் இருந்தது. எண்ணெய் வழியும் முகம், முரட்டு மீசை, அழுக்கு வேட்டி, கத்திப் பேசும் தமிழ். தமிழரை இழித்துச் சொல்லும் 'பாண்டி' என்ற சொல்லைக் கேட்காமல் கேரளக் கல்லூரி ஒன்றில் படித்து முடித்த தோட்டத்துப் பிள்ளை யாரையும் எனக்குத் தெரியாது. பீர்மேட்டுத் தோட்டங்களை ஆராய்ந்த மானுடவியலாளர் ஜெயசீலன் ராஜ், தேயிலை நெருக்கடியில் வெளியே வேலை தேடிப் போன தலித் இளைஞர்கள் இந்த அடையாளத்தைச் சுமந்து பட்ட பாட்டை எழுதியிருக்கிறார். அவருடைய நூல் 2022-இல் வந்தது. தோட்டத்துக்குள் எல்லாரும் கூலி. வெளியே போனால் கூலியோடு சாதியும் மொழியும் சேர்ந்து கொள்கின்றன.

மணியின் பேச்சு அடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2017 ஜூனில் நான் வேலை பார்த்த சித்தூர் தாலுகாவிலேயே, முதலமடை பஞ்சாயத்தின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி செய்தியானது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். சக்கிலியர் குடும்பங்கள் வாழும் காலனி. டீக்கடையில் தங்களுக்குத் தனிக் குவளை, குடிநீருக்குத் தனிக் குழாய் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் குற்றம் சாட்டியது நிலமும் பணமும் உள்ள கவுண்டர்களை. இரு தரப்பும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். கேரளத்தில் தீண்டாமையா என்று மாநிலமே அதிர்ச்சி அடைந்ததுபோல் பேசியது. அங்கே அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லவும் ஆட்கள் வந்தார்கள்.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு சக ஆசிரியர் இருந்தார், தமிழர். ஏப்ரலில் மூணாறுப் பெண்களுக்காக அவர் கொதித்ததைப் பார்த்து நெகிழ்ந்தவள் நான். தமிழச்சியை எவனும் கேவலமாகப் பேசக் கூடாது என்று மேசையைத் தட்டியவர் அவர். ஜூனில் கோவிந்தாபுரம் பேச்சு வந்தது. "அந்தக் காலனிக்காரங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாது டீச்சர். குளிக்க மாட்டாங்க. பொழுதுக்கும் தண்ணி. பொம்பளைங்களும் அப்படித்தான்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, தெரிந்த தகவலைச் சொல்கிற தொனி. நான் கேட்டேன்: "சார், ஏப்ரல்ல அமைச்சர் எங்கம்மாவப் பத்திச் சொன்னதும் இதே விஷயந்தானே? குடி, நடத்தை." அவர் முகம் சிவந்தது. "அதையும் இதையும் எப்படி டீச்சர் ஒண்ணாச் சேக்குறீங்க?" என்றார். அவருக்கு மூணாறுப் பெண்கள் தமிழர்கள். கோவிந்தாபுரத்துப் பெண்கள் காலனிக்காரர்கள். மூணாறில் சாலையில் உட்கார்ந்தவர்களிலும் பெரும்பாலோர் காலனியில் வைக்கப்படும் சாதிகள்தான் என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. நான் எடுத்துச் சொன்ன பிறகு என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்தது. வரிசையாக நின்ற லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள். நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. மறுநாள் மாலை கோழிக்கோடு விமான விபத்து. விமானத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு மாநில அரசு பத்து லட்சம் அறிவித்தது, பெட்டிமுடிக்கு ஐந்து லட்சம். முதலமைச்சர் கோழிக்கோட்டுக்கு விபத்தின் மறுநாளே போனார், பெட்டிமுடிக்கு 13-ஆம் தேதி வந்தார். வானிலையும் பாதையும் காரணம் என்று விளக்கம் சொன்னார்கள். மழை பெய்ததும் பாதை அறுந்ததும் உண்மை. இழப்பீட்டுத் தொகையை அறிவிக்கப் பாதை தேவையில்லை. வருடக்கணக்கில் ஒரு கூட்டத்தைப் பற்றி எப்படிப் பேசினோமோ அந்தப் பேச்சின் விலைதான் அந்த ஐந்து லட்சம் என்று நான் நம்புகிறேன்.

2024 பிப்ரவரியில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தது. கொச்சிப் பக்கத்து இளைஞர்கள் 2006-இல் கொடைக்கானல் குணா குகைக்குப் போய், ஒருவன் குழியில் விழ, நண்பன் இறங்கி மீட்ட உண்மைக் கதை. தமிழ்நாட்டிலும் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். அடுத்த மாதம் எழுத்தாளர் ஜெயமோகன் அந்தப் படத்தைக் கண்டித்து எழுதினார். மலைகளுக்கு வரும் மலையாளச் சுற்றுலாப் பயணிகள் குடித்துவிட்டு வாந்தி எடுப்பதையும், காட்டில் பாட்டிலை உடைத்துப் போடுவதையும் எழுதி, அந்த இளைஞர்களைப் பொறுக்கிகள் என்று தீர்ப்பளித்தார். கேரளம் கொதித்தது. தமிழ்நாட்டிலும் எதிர்ப்பு வந்தது.

நான் ஜெயமோகனின் வாசகி. 'நூறு நாற்காலிகள்' படித்த இரவில் தூங்கவில்லை. அதிகார நாற்காலியில் உட்கார்ந்தும் உட்காரவிடப்படாத ஒரு மனிதனின் அவமானத்தை அவ்வளவு நெருங்கி எழுதியவர் தமிழில் குறைவு. 'யானை டாக்ட'ரில் காட்டில் வீசிய பாட்டில் யானையின் காலைக் கிழிப்பதைப் படித்த பிறகு என் மாணவர்களை வைத்து மலைப்பாதையில் கண்ணாடி பொறுக்கியிருக்கிறேன். ஆகவே அவர் சொன்ன குறை எனக்குப் புதிதல்ல. அது உண்மையும்கூட. டாப் ஸ்டேஷன் பாதையை ஒட்டிய தேயிலைக் காட்டில் வார இறுதி முடிந்தால் திங்கள்கிழமை செடிக்கு இடையில் பாட்டில் சில்லு கிடக்கும். என் அம்மாவின் குதிகாலில் அப்படி ஒரு சில்லு ஏறி, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் எடுத்தும் முழுதாக வரவில்லை, மழைக்காலத்தில் இன்றும் வலிக்கிறது என்பார். ஆனால் அந்தப் பாட்டிலை உடைத்தவன் கொச்சியில் இருந்து வந்தானா, கோயம்புத்தூரில் இருந்து வந்தானா, மதுரையில் இருந்து வந்தானா என்று அம்மாவுக்குத் தெரியாது. மூன்று ஊர் வண்டிகளும் அங்கே நிற்கின்றன.

குடித்துவிட்டுக் காட்டை நாசம் செய்கிறவனை அதற்காகக் கண்டிக்கலாம், தண்டிக்கலாம். அவன் பேசும் மொழியைச் சொல்லி, அவன் ஊரைச் சொல்லி, அந்தக் கூட்டமே இப்படித்தான் என்று எழுதும்போது காடு பின்னால் போய்விடுகிறது, கூட்டத்தைப் பற்றிய தீர்ப்பு முன்னால் வந்துவிடுகிறது. பிறகு நடந்ததும் அதுதான். யானையைப் பற்றியும் பாட்டிலைப் பற்றியும் யாரும் பேசவில்லை. மலையாளி யார், தமிழன் யார் என்று சண்டை போட்டார்கள். குடி, அழுக்கு, நடத்தை என்ற அதே மூன்று குற்றச்சாட்டில் இரண்டு மறுபடி வந்துவிட்டதைக் கண்டபோது, பெரிய எழுத்தாளரின் கைப்பட எழுதியது என்பதால் எனக்கு வலி கூடியதே தவிரக் குறையவில்லை. படித்தவரின் வாயில் இருந்து வரும்போது கீழே இருக்கிறவன் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்கிறான். நான் தமிழ்ப் பாடம் எடுக்கும் வகுப்பில் ஒரு பையன் பொறுக்கி என்ற அந்தச் சொல்லை மலையாளப் பிரிவுப் பிள்ளை ஒருவன்மீது வீசினான். கேட்டதற்கு, "எழுத்தாளரே சொல்லிட்டாரு டீச்சர்" என்றான். அந்த வாரம் முழுவதும் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வகுப்பில் 'நூறு நாற்காலிகள்' வாசித்தோம். அவர் எழுதியதை வைத்தே அவருக்குப் பதில் சொல்ல முடிந்தது.

இப்போது எங்கள் லயங்களில் பாதி வீடுகளில் ஜார்க்கண்ட், அசாம் பக்கத்து ஆட்கள் குடியிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் எர்ணாகுளத்துக்கும் போய்விட்டார்கள், கொழுந்துக்கு ஆள் வேண்டும். போன மே மாத விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தப்பா வாசலில் உட்கார்ந்து, எதிர்வரிசை வீட்டுப் பெண்களைக் காட்டிச் சொன்னார்: "இந்த ஹிந்திக்காரிங்க வந்த பிறகு லயமே நாறுது. புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து குடிக்கிறாங்க. காட்டுக்குள்ள என்னென்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும்."

எனக்கு உடம்பு பதறியது. "சித்தப்பா, சித்தி ரோட்டுல உக்காந்தப்போ மத்தவங்க சொன்ன அதே வார்த்தை. காட்டுக்குள்ள நடந்ததுன்னு சொன்னதும் அதே வார்த்தை. நீங்க அன்னிக்கு அழுதீங்க" என்றேன்.

"அது வேற, இது வேற. இவங்க யாரு எவருன்னு தெரியுமா உனக்கு?"

"நம்மள யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுதா?"

சித்தி உள்ளே இருந்து வந்தாள். எதிர்வீட்டுப் பெண்ணின் சம்பளச் சீட்டு அவள் கையில் இருந்தது. அந்தப் பெண்ணுக்குச் சீட்டில் உள்ள மொழி படிக்கத் தெரியாது, சித்தியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான்கு நாள் கூலி விட்டுப் போயிருக்கிறது என்று சித்தி காட்டினாள், நாளைக்குக் கூடப் போய் ஆபீசில் கேட்கப் போவதாகச் சொன்னாள். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை, இவளுக்கு எதுக்கு ஊர் வேலை என்று முணுமுணுத்தார். ராத்திரி சாப்பாடு முடியும்வரை நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. காலையில் சித்தி அந்தப் பெண்ணோடு ஆபீசுக்குக் கிளம்பினாள், நானும் கூடப் போனேன்.